அத்தியாயம் 6: ஒரே வருகையில் முடிகிற பல் அடைப்பு

வண்டலூர்–வாலாஜாபாத் சாலையில் படப்பையைத் தாண்டி ஒரகடத்துக்குப் போகும் வழியில் இருக்கிறது சேரப்பணஞ்சேரி. இங்கே கிளினிக் நடத்துகிற பல் மருத்துவருக்கு ஷிப்ட் நேரம் மனப்பாடமாக இருக்க வேண்டும். நைட் ஷிப்ட் முடித்துக் கம்பெனி பஸ்ஸிலிருந்து இறங்கி, அறைக்குக்கூடப் போகாமல் நேராக வருகிறவர் உண்டு. அடுத்த ஷிப்டுக்கு ஒரு மணி நேரம் இருக்கும்போது ஓடி வருகிறவரும் உண்டு. இருவரும் கேட்பது ஒன்றுதான்: "டாக்டர், இன்னிக்கே முடிச்சிடுங்க. திரும்பி வர லீவு கிடைக்காது." அதைப் பிடிவாதம் என்று நினைக்காதீர்கள். காண்ட்ராக்ட் தொழிலாளி லீவு போட்டால் அன்றைய சம்பளம் போய்விடும். வல்லம் வடகாலில் 2024 ஆகஸ்டில் திறந்த சிப்காட் விடுதியில் மட்டும் 18,720 பெண்கள் தங்கலாம். எல்லோரும் ஊரைவிட்டு வந்து வேலை பார்ப்பவர்கள். பொங்கலுக்குக் கிளம்புகிறவர் திரும்பி இதே லைனில் நிற்பாரா என்பது அவருக்கே நிச்சயமில்லை.

ஆகவே, இந்தப் பல்லை நான் மறுபடி பார்க்கப் போவதில்லை என்று வைத்துக்கொண்டே ஒவ்வொரு முடிவையும் எடுங்கள். இந்தக் கணக்கில் மிக மோசமான வைத்தியம், கிராம்பு எண்ணெய் வாசனை அடிக்கும் தற்காலிக சிமெண்டை வைத்து "அடுத்த வாரம் வாங்க" என்று அனுப்புவது. வலி அடங்கிவிடும். பல்லை அடைத்தாகிவிட்டது என்று அவர் நம்பிவிடுவார். சிமெண்ட் கொஞ்சம் கொஞ்சமாகத் தேய்ந்து உதிரும், உள்ளே சொத்தை வளரும், ஆறு மாதம் கழித்து வேறோர் ஊரில் அந்தப் பல்லைப் பிடுங்குவார்கள்.

வலியை விசாரிப்பது

அடைக்கலாமா, ரூட் கெனால் வேண்டுமா என்பதை ஏர்ரோட்டரைக் கையில் எடுக்கும் முன்பே தீர்மானித்திருக்க வேண்டும். "கூசுது" என்பவரும் "ராத்திரி தூங்க விடல" என்பவரும் வேறு வேறு நோயாளிகள். பீகார், ஒடிசா, அசாமிலிருந்து வந்த இளைஞர்களிடம் "தண்டா லக்தா ஹை?", "ராத் கோ தர்த்?" என்று கேட்கத் தெரிந்தால் பாதி நோயறிதல் முடிந்துவிடும். மீதிப் பாதிக்குக் குளிர் சோதனை. ஸ்ப்ரே இல்லையென்றால் ஊசியின் பிளாஸ்டிக் மூடியில் தண்ணீர் ஊற்றி ஃபிரீசரில் வைத்து, சின்னப் பனிக்கட்டிக் குச்சிகளாக எடுத்துக்கொள்ளுங்கள். முதலில் நல்ல பல்லில் வையுங்கள். அவருக்கு இயல்பான கூச்சம் எவ்வளவு என்று அப்போதுதான் தெரியும். பிறகு சொத்தைப் பல். குளிரை எடுத்ததும் கூச்சம் போய்விட்டால் அடைப்பு நிற்கும். எடுத்த பிறகும் வலி நீடித்துத் துடித்தால், அதன் மேல் எவ்வளவு நல்ல காம்போசிட் வைத்தாலும் வீண். எக்ஸ்ரே எடுக்காமல் ஆழமான குழியைத் தொடவே வேண்டாம்.

நைட் ஷிப்டிலிருந்து வெறும் வயிற்றோடு வருகிறவருக்கு ஊசி போடும் முன் இரண்டு பிஸ்கட்டாவது சாப்பிட வையுங்கள். நாற்காலியில் மயங்கிச் சாய்பவர்களில் இப்படி வருகிறவர்கள் அதிகம். உதடு இரண்டு மூன்று மணி நேரம் மரத்திருக்கும், அதுவரை கேன்டீன் பக்கம் போகக் கூடாது என்பதையும் அப்போதே சொல்லிவிடுங்கள்.

எவ்வளவு சுரண்டுவது

கறுப்பும் பழுப்பும் போய்ப் பல் வெள்ளையாகத் தெரியும்வரை சுரண்டு என்று படித்த தலைமுறை இன்னும் வேலையில் இருக்கிறது. பெல்ஜியத்தின் லூவன் நகரில் 2015-ல் கூடிய சொத்தை நிபுணர்கள் அடுத்த ஆண்டு வெளியிட்ட பரிந்துரைகள் அதை மாற்றிவிட்டன. நிறம் இப்போது அளவுகோல் அல்ல. கையில் உணரும் கடினம்தான் அளவுகோல். மிருதுவானது, தோல் போன்றது, உறுதியானது, கெட்டியானது என்று டென்டினை நான்காகப் பிரித்துத் தொட்டறியப் பழகுங்கள்.

குழியின் விளிம்பைச் சுற்றி ஒரு மில்லிமீட்டருக்கு மேல் சுத்தமான எனாமலும் கெட்டியான டென்டினும் தெரிய வேண்டும். அங்கே சமரசமே கூடாது. பசை பிடிக்கப் போவது அந்த இடத்தில்தான். பற்கூழுக்கு மேலே உள்ள தரையில் மட்டும், குழி மிக ஆழமாக இருந்து பல் உயிரோடும் இருந்தால், மிருதுவான டென்டினில் கொஞ்சத்தை அப்படியே விட்டுவிடுங்கள். மேலே காற்றுப் புகாமல் மூடிவிட்டால் உள்ளே இருக்கும் கிருமிக்குச் சாப்பாடு கிடைக்காது, சொத்தை அடங்கிவிடும். தரைக்கு அருகில் ஏர்ரோட்டர் வேண்டாம். மெதுவாகச் சுற்றும் பெரிய உருண்டை பர்ரும், கூர் தீட்டிய ஸ்பூன் எக்ஸ்கவேட்டரும் போதும். எல்லாவற்றையும் எடுத்தே தீருவேன் என்று பற்கூழைத் திறந்துவிட்டால், ஒரே வருகையில் முடிந்திருக்க வேண்டிய வேலை மூன்று வருகையாகும். அந்த மூன்றில் ஒன்றுக்குத்தான் அவர் வருவார்.

ஈரம்

காம்போசிட் அடைப்பு கழன்று வந்தால் கம்பெனியையோ பசையையோ குறை சொல்கிறோம். பெரும்பாலும் காரணம் எச்சில்தான். நியூயார்க்கில் சான்ஃபோர்ட் பார்னம் 1864-லேயே ரப்பர் தாளில் ஓட்டை போட்டுப் பல்லில் மாட்டிக் காட்டினார். நூற்றைம்பது ஆண்டு கடந்தும் அதை ரூட் கெனாலுக்கு மட்டும் எடுத்துவிட்டு, அடைப்புக்குப் பெட்டியிலேயே விட்டுவைக்கிறோம். "நேரமில்லை" என்று காரணம் சொல்வார்கள். பழகிய கைக்கு ரப்பர் டேம் மாட்ட இரண்டு மூன்று நிமிடம். பஞ்சு நனைய நனைய மாற்றுவதிலும், நோயாளி துப்ப எழுந்திரிப்பதிலும், மறுபடி எட்சிங் செய்வதிலும் போகிற நேரம் இதைவிட அதிகம்.

கடைவாய்ப் பல்லின் பக்கவாட்டுக் குழி என்றால் அந்தப் பல்லுக்கு மட்டும் ஓட்டை போடாதீர்கள். பின்னால் ஒரு பல்லில் கிளாம்ப், முன்னால் இரண்டு மூன்று பல் வெளியே தெரியும்படி மாட்டினால் மேட்ரிக்ஸ் வைக்க இடம் கிடைக்கும். கிளாம்பில் ஃபிளாஸ் நூல் கட்டாமல் வாய்க்குள் கொண்டுபோகவே கூடாது. கழன்று தொண்டைக்குள் போனால் இழுக்க அந்த நூல்தான் இருக்கும். கிளாம்பின் நான்கு முனையும் பல்லைத் தொடுகிறதா என்று விரலால் அழுத்திப் பாருங்கள். ஆடுகிற கிளாம்ப் நடு வேலையில் தெறிக்கும்.

ஹான்ஸ், கைனி, பாக்கு போடுகிறவர்கள் இந்தத் தடத்தில் நிறைய. தமிழ்நாட்டில் குட்கா 2013 முதல் தடை, ஆனால் வாயைத் திறக்கச் சொன்னால் இரண்டு விரல் அளவுகூடத் திறக்க முடியாத இருபத்தைந்து வயதுக்காரர் உட்கார்ந்திருப்பார். கன்னத்தின் உட்புறம் வெளுத்து நார் நாராகத் தட்டுப்பட்டால் அது சப்மியூகஸ் ஃபைப்ரோசிஸ். பல்லை அடைப்பதைவிட முக்கியமான செய்தியை அவருக்கு நீங்கள் சொல்லியாக வேண்டும்: இது புற்றுநோயாக மாறக்கூடியது, பாக்கை இன்றே நிறுத்த வேண்டும், இன்ன இடத்தில் காட்ட வேண்டும். இ.எஸ்.ஐ. கார்டு இருந்தால் எங்கே போக வேண்டும் என்று எழுதியே கொடுங்கள். இத்தகைய வாயில் கிளாம்ப் நுழையாது. மேல் கடைவாய்ப் பல்லுக்கு எதிரே கன்னத்தில் உமிழ்நீர்க் குழாய் திறக்கும் இடத்தில் ஒரு பஞ்சு உருளை, நாக்குக்கு அடியில் ஒன்று, ஓயாத சக்‌ஷன், கூடவே பழகிய உதவியாளர். அதுவும் முடியவில்லையென்றால் காம்போசிட்டைக் கைவிட்டு ஜிஐசிக்குப் போங்கள்.

ஈரம் எச்சிலில் மட்டும் இல்லை. ஐப்பசி, கார்த்திகை மழையில் கம்ப்ரசர் தொட்டியில் தண்ணீர் தேங்கும். அந்தத் தண்ணீரும் எண்ணெயும் காற்றுக் குழாய் வழியே உங்கள் கையாலேயே பல்லின் மேல் போய் விழும். காலையில் கடை திறந்ததும் தொட்டியின் அடி வால்வைத் திறந்து வடித்துவிடுங்கள். பிறகு காற்றை முகக் கண்ணாடியில் ஊதிப் பாருங்கள். பனித்தால் அந்தக் காற்றில் பாண்டிங்கை உலர்த்தக் கூடாது.

எட்சிங், பாண்டிங், தருமபுரிப் பல்

சாதாரணப் பல்லுக்கு முறை எளிது. 37 சதவீத பாஸ்பாரிக் அமிலம் எனாமலில் 15 முதல் 30 வினாடி. டென்டினில் பட்டால் 15 வினாடியைத் தாண்ட விடாதீர்கள். யுனிவர்சல் பாண்டிங் வைத்திருப்பவர்கள் எனாமல் விளிம்பில் மட்டும் அமிலம் தடவினால் போதும், பல் கூச்சம் குறையும். கழுவிய பின் டென்டினை வறண்டு போகும்வரை ஊதாதீர்கள். பாண்டிங்கைத் தடவினால் மட்டும் போதாது. 20 வினாடி பிரஷ்ஷால் தேய்த்து, கரைப்பான் ஆவியாகும்வரை மெதுவாக ஊதி, திரவம் அசைவது நின்ற பிறகு லைட் காட்ட வேண்டும். பாட்டிலை ஃபிரிட்ஜிலிருந்து எடுத்தவுடன் பயன்படுத்தாதீர்கள். மூடியைத் திறந்து வைத்துவிட்டு வேறு வேலை பார்ப்பதும் பாட்டிலைக் கெடுப்பதுதான்.

தருமபுரி, கிருஷ்ணகிரியிலிருந்து இங்கே வேலைக்கு வருகிறவர்களிடம் இந்த முறை தோற்கும். அங்கே பல கிராமங்களில் போர்வெல் தண்ணீரில் ஃப்ளோரைடு இந்தியத் தர நிர்ணயத்தின் உச்ச வரம்பான லிட்டருக்கு 1.5 மில்லிகிராமைத் தாண்டியிருந்தது. ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் 2013-ல் பயன்பாட்டுக்கு வந்தது. நிலைத்த பற்களின் எனாமல் உருவாவது சுமார் எட்டு வயதுக்குள், ஞானப்பல் ஒன்றுதான் விதிவிலக்கு. ஆகையால் இன்று இருபது வயதைத் தாண்டி அசெம்பிளி லைனில் நிற்கிறவரின் முன்பற்கள் காவிரித் தண்ணீர் குழாயில் வருவதற்கு முன்பே உருவாகி முடிந்தவை. அந்தப் பழுப்புப் பல்லை மறைக்க வாயைக் கையால் மூடிக்கொண்டு சிரிக்கும் பெண்கள் நிறையப் பேர் வருவார்கள்.

ஃப்ளோரைடு ஏறிய எனாமலின் மேல்தோல் அமிலத்துக்கு எளிதில் இளகாது. மைக்கேல் பூனகோர் 1955-ல் முதன்முதலாக எனாமலில் அமிலம் தடவி அக்ரிலிக்கை ஒட்டியபோது 85 சதவீத அமிலத்தை 30 வினாடி வைத்தார். அந்த வினாடிக் கணக்கெல்லாம் சாதாரண எனாமலுக்கானது. இங்கே கடிகாரத்தை நம்பாதீர்கள், கண்ணை நம்புங்கள். நுண்ணிய டைமண்ட் பர்ரால் மேற்பரப்பை லேசாகச் சீவி, அமிலத்தை 30 முதல் 60 வினாடி வைத்து, கழுவி உலர்த்துங்கள். சுண்ணாம்பு அடித்த சுவர் போல மங்கலான வெள்ளை வந்தால் தொடருங்கள். பளபளப்பு மிச்சமிருந்தால் மறுபடி அமிலம். அமிலம் இல்லாமல் ஒட்டும் என்று விற்கப்படும் பாண்டிங்கை மட்டும் நம்பி இந்தப் பல்லில் இறங்க வேண்டாம்.

சந்து

"சந்துல சோறு மாட்டுது டாக்டர்" என்று திரும்பி வருகிறவர், வெளியே தெரியாமல் உடைந்துகொண்டிருக்கும் ஓர் அடைப்போடு வருகிறார். பழைய வெள்ளி அடைப்பை அழுத்தி நெருக்கலாம். அந்த அழுத்தம் பேண்டைப் பக்கத்துப் பல் வரை தள்ளும். காம்போசிட்டை எவ்வளவு அழுத்தினாலும் அது பேண்டைத் தள்ளாது. பக்கத்துப் பல்லோடு தொடுகை வேண்டுமென்றால் அதை மேட்ரிக்ஸும் வெட்ஜும் மட்டுமே தர முடியும்.

கல்லூரியில் நாம் எல்லோரும் பழகிய ஐவரி எட்டாம் எண் பேண்டு, பல்லை முழுவதும் சுற்றி இறுக்கும். அதன் சுவர் தட்டையாக இருப்பதால் தொடுகை மேல்விளிம்புக்குப் போய்விடும், அடியில் இடைவெளி விழும். பகுதி மேட்ரிக்ஸும் வளையமும் உள்ள செட் ஒன்றை வாங்கிவிடுங்கள். இந்த அத்தியாயத்தில் ஒரே ஒரு கருவிக்குச் செலவு செய்யச் சொல்வதானால் அதைத்தான் சொல்வேன். வளையம் இரண்டு பல்லையும் கொஞ்சம் விலக்கிப் பிடிக்கும். எடுத்தபின் பற்கள் பழைய இடத்துக்குத் திரும்பும்போது பேண்டின் தடிமன் ஈடாகிவிடும்.

குழி வெட்டத் தொடங்கும் முன்பே வெட்ஜைச் செருகிவிடுங்கள். பல் விலகும், பக்கத்துப் பல்லில் பர் படாது, ஈறும் கிழியாது. வெட்டி முடித்ததும் பேண்டை இறக்கி, வெட்ஜை மறுபடி அழுத்திச் செருகுங்கள். பெரும்பாலும் நாக்குப் பக்கத்திலிருந்து செருகினால் நன்றாக உட்காரும். கண்ணாடியை வைத்து அடிவிளிம்பைப் பாருங்கள். அங்கே தலைமுடி அளவு வெளிச்சம் தெரிந்தாலும் காம்போசிட் அதன் வழியே வெளியேறி ஈறின் அடியில் துருத்தி நிற்கும். அதை எடுப்பது நரகம். கடைசியாகப் பேண்டின் உட்புறத்தைப் பர்னிஷரால் பக்கத்துப் பல்லோடு ஒட்டித் தேயுங்கள்.

முதலில் பக்கச் சுவரைக் கட்டுங்கள். அது கெட்டியானதும் பேண்டை எடுத்துவிடலாம். இப்போது உங்கள் முன் இருப்பது மேலிருந்து மட்டும் திறந்த சாதாரணக் குழி, வேலை பாதியாகக் குறைந்துவிட்டது. மீதியை 2 மில்லிமீட்டருக்கு மிகாத அடுக்குகளாகச் சரிவாக வையுங்கள். காம்போசிட் இறுகும்போது கொள்ளளவில் 2, 3 சதவீதம் சுருங்கும். எதிரெதிர் சுவர் இரண்டையும் ஒரே அடுக்கு தொட்டால் அந்தச் சுருக்கம் சுவர்களைப் பிடித்து இழுக்கும். மறுநாள் "கடிச்சா சுருக்குங்குது" என்று வருகிற போன் அதனால்தான். அடிவிளிம்பு எனாமலைத் தாண்டி வேர்ப்பகுதிக்குப் போய்விட்டால், கீழே ஜிஐசி வைத்து அதன் மேல் காம்போசிட் வையுங்கள்.

லைட்டைச் சோதித்தல்

மேற்பரப்பு கெட்டியாக இருந்தால் அடியும் கெட்டி என்று நம்பிவிடுகிறோம். லைட்டின் முனையில் ஒட்டிக் காய்ந்த காம்போசிட், உரசிப் பழுதான கண்ணாடி, சாய்வாகப் பிடித்த கை, வேறு பக்கம் பார்க்கும் மருத்துவர்: இத்தனையில் ஒன்று போதும் அடி வேகாமல் போக. சதுர சென்டிமீட்டருக்கு 1000 மில்லிவாட் வருகிறதா என்று ரேடியோமீட்டரில் வாரம் ஒருமுறை பாருங்கள். மீட்டர் இல்லாதவர்களுக்கு ஐஎஸ்ஓ 4049 தரம் சொல்லும் சோதனையைக் கிளினிக்கிலேயே செய்யலாம். ஜூஸ் ஸ்ட்ராவில் 8 மில்லிமீட்டர் வெட்டி, காம்போசிட்டால் நிரப்பி, மேலிருந்து மட்டும் வழக்கமான நேரம் லைட் காட்டுங்கள். வெளியே தள்ளி, அடியில் மிருதுவாக இருப்பதைப் பிளாஸ்டிக் கருவியால் சுரண்டிவிட்டு மீதி நீளத்தை அளந்து இரண்டால் வகுங்கள். அந்த எண்தான் உங்கள் லைட்டை நம்பி வைக்கக்கூடிய அடுக்கின் தடிமன். 2 மில்லிமீட்டருக்குக் குறைந்தால் லைட்டைப் பழுது பார்க்க அனுப்புங்கள். பக்கவாட்டுக் குழியின் ஆழ்ந்த தரையில் முனை எட்டாது. அங்கே நேரத்தை இரட்டியுங்கள், கூடவே காற்றை ஊதிச் சூட்டைத் தணியுங்கள்.

ஜிஐசியை மதியுங்கள்

லண்டனில் ஆலன் வில்சனும் பிரையன் கென்ட்டும் உருவாக்கி 1972-ல் உலகுக்கு அறிவித்த இந்தச் சிமெண்டை "ஏழைக்கு வைப்பது" என்று ஒதுக்குகிறவர்கள் இருக்கிறார்கள். அது தவறு. பல்லோடு தானே ஒட்டும், ஃப்ளோரைடு கசியும், கொஞ்சம் ஈரத்தையும் தாங்கும். காம்போசிட் முடியாத வாயில் இதுதான் நல்ல வைத்தியம். ஜோ ஃபிரெங்கன் 1980-களில் தான்சானியாவில் மின்சாரமில்லாத இடத்துக்காகக் கைக்கருவியும் சிமெண்டும் மட்டும் வைத்து வகுத்த முறையை உலக சுகாதார நிறுவனம் 1994-ல் பரப்பத் தொடங்கியது. காஞ்சிபுரம், திருவள்ளூர் மாவட்டச் செங்கல் சூளைகளில் ஒடிசாக் குடும்பங்களுக்கு முகாம் நடத்துகிறவர்கள் அதைக் கற்றுக்கொள்ள வேண்டும். ஒரு பரப்பில் மட்டும் உள்ள குழிக்கு நன்றாக நிற்கும். பல பரப்புக் குழியில் அவ்வளவு நம்ப முடியாது.

பொடியும் திரவமும் கம்பெனி சொன்ன அளவிலேயே இருக்கட்டும். பாலிஅக்ரிலிக் அமிலத்தால் குழியை 10 முதல் 20 வினாடி துடைத்துக் கழுவுங்கள். கலவை பளபளப்போடு இருக்கும்போதே வைத்துவிட வேண்டும். பளபளப்பு போய்விட்டால் ஒட்டாது, தயங்காமல் எறிந்துவிட்டுப் புதிதாகக் கலக்குங்கள். சித்திரை வெயிலில் அரை நிமிடத்துக்குள்ளேயே இறுகத் தொடங்கும். கண்ணாடிப் பலகையைக் குளிரவைத்து, வியர்வைத் துளியில்லாமல் துடைத்துப் பயன்படுத்துங்கள். வைத்ததும் வாசலின் தடவிய விரலால் அழுத்திப் பிடியுங்கள். ஒரு மணி நேரம் எதுவும் சாப்பிடக் கூடாது.

வெள்ளி அடைப்பைப் பற்றி ஒரு வார்த்தை. பாதரசத்துக்கான மினமாட்டா ஒப்பந்தத்தை இந்தியா 2018-ல் ஏற்றுக்கொண்டது. பதினைந்து வயதுக்குக் கீழானவர்களுக்கும், கர்ப்பிணிகளுக்கும், பால் கொடுக்கும் தாய்மார்களுக்கும் அதை வைக்கக் கூடாது என்று 2022-ல் ஒப்பந்தத்தில் சேர்த்தார்கள். புதிதாக வைக்காதீர்கள். ஆனால் நன்றாக இருக்கும் பழைய வெள்ளி அடைப்பை நிறத்துக்காக நோண்டவும் வேண்டாம்.

கடியும் சீட்டும்

கடி எங்கே படுகிறது என்பதைப் பல்லை வெட்டும் முன்பே ஆர்டிகுலேட்டிங் பேப்பரால் பார்த்து வையுங்கள். மரத்துப்போன வாயோடு படுத்திருப்பவர் சரியாகக் கடிக்க மாட்டார். முடிவில் நிமிர்ந்து உட்கார வைத்துப் பாருங்கள். பாக்கு மென்று பல் தேய்ந்தவருக்கும், தூக்கத்தில் நறநறவென்று கடிப்பவருக்கும் 2 மில்லிமீட்டருக்கும் மெல்லிய பல்முனையை விட்டுவைக்காதீர்கள். அதைக் குறைத்து மேலே காம்போசிட்டால் மூடிவிடுங்கள். பாலிஷுக்குப் பிறகு ஃபிளாஸை இறக்கி ஏற்றுங்கள்: இறுக்கமாக இறங்கி, பிசிறாமல் வெளியே வர வேண்டும்.

நோயாளியை எழுப்பும் முன் ஒரு சீட்டு எழுதுங்கள். தேதி, பல்லின் எண், வைத்த பொருள், குளிர் சோதனையில் பல் என்ன சொன்னது. ஆழத்தில் மிருதுவான டென்டினை வேண்டுமென்றே விட்டிருந்தால் அதைக் கட்டாயம் எழுதுங்கள். எக்ஸ்ரேயில் அந்த இடம் கறுப்பாகத் தெரியும். ஓசூரிலோ புனேயிலோ இன்னொரு மருத்துவர் அதைச் சொத்தை என்று எடுத்துக்கொண்டு, நன்றாக இருக்கும் அடைப்பைத் திறந்து, நீங்கள் தொடாமல் காப்பாற்றிய பற்கூழுக்குள் இறங்கிவிடுவார். சீட்டு தொலைந்துவிடும் என்பதால் அதையும் எக்ஸ்ரேயையும் அவருடைய போனிலேயே படமெடுக்கச் சொல்லுங்கள். "36, காம்போசிட், பற்கூழ் உயிரோடு உள்ளது, தரையில் மிருதுவான டென்டின் விடப்பட்டுள்ளது, திறக்க வேண்டாம்" என்று ஒரு வரி. வடநாட்டிலிருந்து வந்தவருக்கு அதையே ஆங்கிலத்திலும் எழுதிக் கொடுங்கள்.